நியூ ஆர்லியன்ஸ் சிறுகடையில் சாப்பிடப் போகிறீர்களா? கேட்டு வாங்குங்கள்

பலகையில் ‘ஃபிரெஞ்சு ஃப்ரை போ-பாய்’ என்று எழுதியிருந்தது. நீள ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வறுவல், இதில் என்ன வில்லங்கம் இருக்கப்போகிறது என்று என் அறைத்தோழன் வாங்கினான். பிறந்ததிலிருந்து சைவம். இரண்டாவது கடியில் மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ரொட்டியைப் பிரித்துப் பார்த்தோம். உருளைக்கிழங்கின் மேல் பழுப்பாக, கெட்டியாக ஒரு குழம்பு. அதில் நார் நாராக இறைச்சி. மாட்டுக்கறிக் குழம்பு.

கடைக்காரர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஊரில் அது அப்படித்தான் வரும். ‘குழம்பு வேண்டாம்’ என்று நாம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கேஜன், கிரியோல் என்னும் உள்ளூர்ச் சமையல் கடைகளில் பலகையில் எழுதியிருப்பது கொஞ்சம், எழுதாமல் விட்டது அதிகம். உள்ளூர்க்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் எழுதுவதில்லை. படிக்கவோ வேலைக்கோ ஊர் பார்க்கவோ புதிதாக வருகிறவர்களுக்காக, நான் இரண்டு வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். கேஜன் எது, கிரியோல் எது என்ற ஆராய்ச்சிக்குள் போகவில்லை. மலிவான கடைகளில் இரண்டும் ஒரே பலகையில்தான் தொங்கும்.

1. கடை எந்த வகை என்று முதலில் பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் காலியாக இருக்கும் மேசையில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் நாள் நான் அப்படி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அது கவுன்டரில் சொல்லிப் பணம் கட்டிவிட்டு உட்காரும் கடை.

பொதுவாக நான்கு வகை உண்டு. போ-பாய் கடைகளில் வரிசையில் நின்று, கவுன்டரில் சொல்லி, பெயரையோ எண்ணையோ கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். சில இடங்களில் வாசலருகே எண் சீட்டு இருக்கும். அதை எடுக்காமல் நின்றால் கடைசிவரை நிற்க வேண்டியதுதான். இரண்டாவது, ‘பிளேட் லஞ்ச்’ கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள் இருக்கும், கைகாட்டினால் எடுத்து வைப்பார்கள். ஒரு கறி, இரண்டு தொடுகறி, கூடவே சோறோ ரொட்டியோ என்பது வழக்கமான கணக்கு. மூன்றாவது, பரிமாறுபவர் வந்து கேட்கும் சாதாரண உணவகம். நான்காவது, கிராஃபிஷ் என்னும் இறால் போன்ற நன்னீர்ப் பிராணியை அவித்துத் தரும் கடை. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

இதே மாநிலத்தின் லாஃபயெட் ஊர்ப் பக்கம் போனால் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு: பெட்ரோல் பங்க். சிரிக்காதீர்கள். அங்கே நல்ல பூடான், அதாவது சோறும் பன்றிக்கறியும் அடைத்த தொத்திறைச்சி, பல இடங்களில் பெட்ரோல் போடும் கடையில்தான் கிடைக்கிறது.

2. நாளும் நேரமும்

பிளேட் லஞ்ச் கடைகள் காலை பத்தரை, பதினொன்றுக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்கு மூடிவிடும். நல்ல அயிட்டங்கள் ஒரு மணிக்கே தீர்ந்துவிடும். பதினொன்றரைக்குப் போங்கள், வரிசையும் குறைவு. போ-பாய் கடைகள் பல, மாலை ஆறு, ஏழோடு முடித்துக்கொள்ளும். இரவு ஒன்பதுக்குப் பசித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், சுற்றுலாப் பகுதியில் இரட்டை விலைக்குச் சாப்பிடுவீர்கள்.

திங்கட்கிழமை ‘ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்’ நாள். நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலான சிறுகடைகளில் அன்று அது இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஞாயிறு, திங்கள், செவ்வாயில் ஏதாவது ஒருநாள் விடுமுறை விடும் கடைகளும் நிறைய. கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள், இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பாதீர்கள்.

தவக்காலத்துக்கு முன் வரும் மார்டி கிரா திருவிழா சமயத்திலும், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ஜாஸ் விழா நாட்களிலும் பிரபலமான கடைகளில் ஒரு மணி நேரம் நிற்க நேரும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கடலுணவுக் கடைகள் நிரம்பி வழியும். கத்தோலிக்கர்கள் அன்று இறைச்சி தொடுவதில்லை.

3. கையில் என்ன இருக்க வேண்டும்

பாஸ்போர்ட். சாப்பாட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தைப் பல கடைகளில் ஏற்கமாட்டார்கள். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படமும் செல்லாது. அசலைச் சுமக்கப் பயமாக இருந்தால், அன்று ஐஸ் டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கேயே தங்கப் போகிறவர்கள் மாநில அடையாள அட்டையோ உரிமமோ சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட்டோடு பாருக்குப் போய்வருவது வயிற்றைக் கலக்கும் வேலை.

ரொக்கம் 40 டாலர், சின்ன நோட்டுகளாக. எல்லா இடத்திலும் அட்டை ஓடும் என்று நினைத்துப் போய், ‘ரொக்கம் மட்டும்’ என்று கையால் எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஏடிஎம்மில் கட்டணம் கட்டிப் பணம் எடுத்தவன் நான். 100 டாலர் நோட்டைச் சில கடைகள் வாங்காது. அட்டைக்கு மூன்று, நான்கு சதவீதம் கூடுதலாகப் போடும் கடைகளும் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒட்டியிருக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். மதிய நேரச் சத்தத்தில் நம் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாது, அவர்களுடையது நமக்கும் புரியாது. சீட்டைச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவார்கள்.

நியூ ஆர்லியன்ஸுக்குள் டிராமில் போக 1.25 டாலர், நாள் முழுவதற்குமான சீட்டு 3 டாலர். காரில் போய் நிறுத்த இடம் தேடுவதைவிட இது மேல்.

4. பலகையைப் படிப்பது

கம்போ என்பது குழம்பு. மாவை எண்ணெயில் கருகாமல் சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் போட்டுக் கொதிக்கவிடுவது. அந்த வறுத்த மாவுக்கு ‘ரூ’ என்று பெயர். ஆகவே கோதுமை ஆகாதவர்கள் கம்போவைத் தொடக்கூடாது. கெட்டியாக்க வெண்டைக்காயோ, சாஸஃப்ராஸ் மரத்தின் இலைப்பொடியோ சேர்ப்பார்கள். சோறு உள்ளேயே ஒரு கரண்டி கிடக்கும். சாம்பார் சாதம் மாதிரி சோறு தூக்கலாக எதிர்பார்க்காதீர்கள். ‘கப்’ என்றால் சின்னக் கிண்ணம், ‘போல்’ என்றால் ஒரு ஆளுக்கு முழுச் சாப்பாடு. முதல் தடவை கப் போதும்.

ஜம்பலாயா நம் பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும், வாசனைப் பொருட்கள் மட்டும் வேறு. தக்காளி போட்டுச் சிவப்பாக இருந்தால் கிரியோல் பாணி, பழுப்பாக இருந்தால் கேஜன் பாணி. எட்டுஃபே என்பது கிராஃபிஷையோ இறாலையோ கெட்டிக் குழம்பில் போட்டுச் சோற்றின் மேல் ஊற்றுவது. வெண்ணெய் தாராளம். பூடான் என்பது சோறும் பன்றிக்கறியும், பெரும்பாலும் ஈரலும் சேர்த்துக் குடல் உறையில் அடைத்தது. ‘பூடின்’ என்று படித்தால் சிரிப்பார்கள். உறையைச் சாப்பிட வேண்டாம். முனையைக் கடித்து, பற்பசை பிதுக்குவதுபோல வாய்க்குள் பிதுக்கிக்கொள்வது அங்கே மரியாதையான முறைதான்.

போ-பாய் பற்றிச் சொல்லிவிட்டேன். முழுசு என்றால் ஏறக்குறைய ஓர் அடி நீளம். தனியாக வருகிறவர்கள் பாதி வாங்குங்கள். ‘டெப்ரி’ என்று பார்த்தால், அடுப்பில் வெந்த மாட்டுக்கறியிலிருந்து உதிர்ந்து குழம்போடு சேர்ந்த தூள். ‘டர்ட்டி ரைஸ்’ அழுக்குச் சோறு இல்லை. கோழி ஈரலும் இரைப்பையும் நறுக்கிப் போட்டதால் வந்த நிறம் அது.

இறால், கிராஃபிஷ் வெளிநாட்டிலிருந்து வந்ததா என்று மெனுவில் குறிப்பிட வேண்டும் என்று லூசியானாவில் 2025 தொடக்கத்திலிருந்து சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அமெரிக்காவுக்கு மிக அதிகமாக இறால் அனுப்பும் நாடு இந்தியா. உள்ளூர் மெக்சிகோ வளைகுடா இறால் என்று ஆசையாகத் தின்றது ஆந்திரக் குளத்து இறாலாக இருந்துவிடலாம். ருசி ஒன்றும் மோசமில்லை, ஆனால் அதற்கு வளைகுடா விலை கொடுக்க வேண்டியதில்லை.

5. சைவமா, மாடு ஆகாதா, பன்றி ஆகாதா

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நாம் அதிகம் ஏமாறுவது இங்கேதான். யாரும் ஏமாற்றவில்லை, நாமாகப் போய் விழுகிறோம்.

ரெட் பீன்ஸ் பார்க்க ராஜ்மா மாதிரியே இருக்கும். உள்ளே பன்றிக்கறி இருக்கும். துண்டு கண்ணில் படாவிட்டாலும் எலும்போடு வேகவைத்து எடுத்திருப்பார்கள். கீரைகள் என்று சந்தோஷப்பட வேண்டாம், புகைபோட்ட பன்றிக்கறித் துண்டோடு மணிக்கணக்கில் வெந்தவை. பச்சை பீன்ஸில் பேக்கன். ‘மாக் ஷூ’ என்னும் சோளக் கூட்டிலும் பல கடைகளில் பேக்கனோ டாசோவோ சேரும். டாசோவும் பன்றிதான். ‘ஆண்டூயி’ என்ற சொல் எங்கே இருந்தாலும் புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி என்று வாசித்துக்கொள்ளுங்கள். கோழி கம்போ என்று சொன்னாலும் பாதி ஆண்டூயியாக இருக்கும்.

‘கம்போ ஸேர்ப்’ என்று ஒன்று உண்டு, கீரைக் கம்போ. புனித வியாழன் சமயத்தில் செய்வார்கள். பச்சைப்பசேல் என்று இருக்கும். ஏழெட்டுக் கீரையோடு நான்கைந்து வகை இறைச்சியும் உள்ளே போயிருக்கும். பச்சைத் தக்காளி வறுவல் சைவம்தானே என்று வாங்கினால், மேலே இறாலை அடுக்கி ரெமுலாட் என்ற சாஸை ஊற்றித் தருவார்கள்.

வெண்டைக்காய் வறுவல் கொஞ்சம் நம்பிக்கை தரும். ஆனால் கெளுத்தியும் இறாலும் பொரித்த அதே எண்ணெயில்தான் அதுவும் குதிக்கிறது. மேல்மாவில் முட்டையும் இருக்கலாம். எண்ணெய் தனியா என்று கேட்டால் சிறுகடைகளில் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். பன்றி தவிர்க்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் இதே கேள்விதான் முதல் கேள்வி.

கேட்கிற விதம் முக்கியம். ‘இது வெஜிடேரியனா?’ என்று கேட்காதீர்கள். இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள், மனதறிந்த பொய் இல்லை. ‘இதில் பன்றி இருக்கிறதா? ஹாம் இருக்கிறதா? கோழிச்சாறு ஊற்றினீர்களா? இறால்?’ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார், விடட்டும்.

முழுச் சைவர்களுக்கு என்னதான் மிஞ்சும்? குழம்பில்லாத உருளைக்கிழங்கு போ-பாய், எண்ணெய் தனி என்று உறுதியானால்; சீஸ் சேர்த்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு சாலட், முட்டை ஆகுமென்றால். மக்ரோனி. வெறும் சோறு. கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சி, இறைச்சிச் சாற்றில் வேகவைக்கவில்லை என்று உறுதியானால். பிரெட் புட்டிங், அதில் முட்டையும் விஸ்கி சாஸும் இருப்பது தெரிந்து. உண்மையைச் சொன்னால் இது சைவர்களுக்கான ஊர் இல்லை. கிளம்பும் முன் வீட்டில் கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கப் போங்கள். என் அறைத்தோழன் இப்போது அப்படித்தான்.

ஒவ்வாமை: இறால் ஆகாதவர்களுக்குக் கிராஃபிஷும் ஆபத்து. வறுவலுக்குக் கடலை எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் உண்டு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பச்சைச் சிப்பி பக்கமே போகாதீர்கள். சுவரில் எச்சரிக்கை ஒட்டியிருப்பது சும்மா இல்லை.

6. கவுன்டரில் என்ன கேட்பார்கள்

கல்லாவில் இருக்கும் அம்மா உங்களை ‘பேபி’ என்பார். கூச்சப்பட வேண்டாம், எழுபது வயதுத் தாத்தாவும் அவருக்கு பேபிதான். கோயம்புத்தூர்ப் பக்கம் ‘கண்ணு’ என்பதுபோல.

போ-பாய் சொன்னதும் ‘ட்ரெஸ்ட்?’ என்ற கேள்வி வரும். லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் வைக்கவா என்று அர்த்தம். நான் முதல் முறை என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். ஆமாம் என்றால் எல்லாம் வரும். மயோனைஸ் வேண்டாதவர்கள் ‘ட்ரெஸ்ட், நோ மேயோ’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அப்புறம் பாதியா முழுசா, குழம்பு வேண்டுமா, குடிக்க என்ன. ஐஸ் டீ என்றால் இனிப்பா இனிப்பில்லாததா என்று கேட்பார்கள். இனிப்பு டீ என்பது நம் கல்யாண வீட்டுப் பாயசத்துக்கு ஒரு படிதான் கீழே. குழாய்த் தண்ணீர் இலவசம், கேட்டால் தருவார்கள்.

வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். கல்லா முன்னால் நின்று தலையைத் தூக்கிப் பலகையை வாசிக்கத் தொடங்கினால் அந்த அம்மாவின் பேபியில் இனிப்பு குறைந்துவிடும்.

காரம் குறைவாகத் தோன்றினால் மேசையில் கிரிஸ்டலோ டபாஸ்கோவோ, ஏதாவது ஒரு மிளகாய் சாஸ் புட்டி இருக்கும். முதலில் ருசி பாருங்கள். கேஜன் என்றாலே காரம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பல குழம்புகளில் ஆழம் உண்டு, காரம் மிதம். காரம் முழுவதும் அடுத்த அயிட்டத்தில் இருக்கிறது.

7. கிராஃபிஷ் அவியல்

குட்டிச் சிங்க இறால் போல இருக்கும் நன்னீர்ப் பிராணி. பருவம் ஜனவரி வாக்கில் தொடங்கி ஜூன்வரை. மார்ச் முதல் மே வரை பெரிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். பெரிய வெள்ளி வாரத்தில் விலை ஏறும். மெனுவில் விலை இருக்காது, ‘சந்தை விலை’ என்றுதான் இருக்கும். அன்றைய விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இங்கே பெரிய பொறி எடைதான். விலை பவுண்டுக்கு, அதுவும் ஓட்டோடு. தின்னக்கூடிய சதை அதில் ஏறக்குறைய 15 சதவீதம். மூன்று பவுண்டு வாங்கினால் கையில் மிஞ்சுவது 200 கிராம். உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு ஐந்து பவுண்டு சாதாரணமாக முடிப்பார்கள். நாம் மூன்றில் தொடங்கலாம். கூட வரும் சோளமும் உருளைக்கிழங்கும் அதே தண்ணீரில் வெந்தவை. சைவர்களுக்கு அதுவும் ஆகாது.

தின்பது இப்படி: ஒரு கையில் தலை, ஒரு கையில் வால். திருகி இழுங்கள். வாலின் முதல் வளையத்தை உரித்துவிட்டு, அடியை நசுக்கிச் சதையை இழுத்தால் முழுசாக வரும். தலையை உறிஞ்சுவது உங்கள் விருப்பம். நண்டுக் காலை உறிஞ்சிப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகாய்ச் சாறு நகக்கண்ணில் இறங்கிச் சுள்ளென்று எரியும். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் அன்று கண்ணாடி அணிந்து போங்கள். நான் கையைச் சோப்புப் போட்டு இருமுறை கழுவியும், இரவு லென்ஸைக் கழற்றும்போது குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

8. பில், வரி, டிப்ஸ்

பலகையில் இருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. நியூ ஆர்லியன்ஸில் விற்பனை வரி ஏறக்குறைய 10 சதவீதம். இரண்டு பேர் ஒரு முழு இறால் போ-பாயைப் பகிர்ந்து, ஒரு கப் கம்போவும் ஒரு டீயும் வாங்கினால் என் கணக்கு இப்படி வரும்: 16, 8, 3, ஆக 27 டாலர். வரி 2.70. பரிமாறுபவர் இருக்கும் கடையென்றால் டிப்ஸ் 5. மொத்தம் 35 டாலருக்குள். கவுன்டர் கடையென்றால் ஜாடியில் ஒன்றிரண்டு டாலர் போட்டால் போதும், 32-ல் முடிந்துவிடும். திரையில் 18, 20, 25 என்று பொத்தான்கள் வந்து நிற்கும். கவுன்டர் கடையில் அதைப் பார்த்து மிரள வேண்டாம். பரிமாறுபவர் ஓடியாடி வேலை பார்த்த இடத்தில் 18-க்குக் குறையாமல் கொடுங்கள், அவர்கள் சம்பளமே அதில்தான் இருக்கிறது.

ஆறு பேர், எட்டுப் பேராகப் போனால் டிப்ஸை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழேயே டிப்ஸ் எழுதக் காலி இடமும் இருக்கும். எங்கள் அலுவலகக் கூட்டத்தோடு போனபோது அந்த வரியைப் பார்க்காமல் நான் இன்னொரு 20 சதவீதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பரிமாறியவர் மனமார நன்றி சொன்னார். ஏன் அவ்வளவு நன்றி என்று வீட்டுக்கு வந்து ரசீதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அட்டையில் கட்டினால் இரண்டு பிரதி வரும். கடைக்கு உள்ளதில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை மூன்று, நான்கு நாள் வைத்திருங்கள். வங்கியில் முதலில் டிப்ஸ் இல்லாத தொகை தெரியும், பிறகுதான் மாறும்.

சில கடைகளில் கடைசியில் பென்யே என்ற எண்ணெயில் பொரித்த இனிப்பு ஒன்றோ, கூடுதலாக ஒரு துண்டு சோளரொட்டியோ தட்டில் வந்து விழும். ‘லான்யாப்’ என்பார்கள். பில்லில் வராது, பதறாதீர்கள். நம் காய்கறிக்காரம்மா போடும் கறிவேப்பிலைக் கொசுறுதான் அது.

மிச்சத்துக்கு டப்பா கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். போ-பாயை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், மறுநாள் ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். கம்போவைத் தாராளமாக எடுத்துப் போங்கள். மீன்குழம்பு போல அதுவும் மறுநாள்தான் ருசி. சோற்றைத் தனி டப்பாவில் கேளுங்கள்.